நாற்பதா, ஐம்பதா?

அத்தியாயம் 5

"நான் ஒரு ஆளை அடிச்சிட்டன்" என்றாள் அந்தப் பெண், கதிரையில் உட்காருவதற்கு முன்பே.

"கையாலயா, கட்டையாலயா?" என்று கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது. ஸீனத் மிஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு வாயை மூடு என்று அர்த்தம். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை எனக்கு அது கிடைக்கும்.

"காரால" என்றாள் அவள். அழவில்லை. அழ வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே அழுது முடித்துவிட்டு வந்த முகம்.

எங்கள் துப்பறியும் அலுவலகம் வெள்ளவத்தையில், ஒரு சாரிக் கடைக்கு மேல் மாடியில். கரையோர ரயில் போகும்போதெல்லாம் மேசையில் தேநீர்க் கோப்பைகள் ஆடும். ஸீனத் மிஸ் முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனியில் வாகன விபத்துகளை விசாரிக்கும் வேலையில் இருந்தவர். மற்றவர்கள் சொல்லும் பொய்களைக் கேட்டுச் சலித்து, இப்போது அதையே சொந்தத் தொழிலாகச் செய்கிறார். நான் ஜொனாதன், உதவியாளன், கொட்டாஞ்சேனைக்காரன். வயது முப்பத்து நான்கு. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். மூன்றாவது தடவை வருகிற திங்கட்கிழமை என்பதால் அந்த வாரம் முழுக்க என் சட்டைப் பையில் வினாவிடைப் புத்தகம் இருந்தது.

"இரிங்க தங்கச்சி" என்றார் மிஸ். "தண்ணி குடிங்க. பொறகு ஆறுதலா செல்லுங்க."

அவள் பெயர் கொன்ஸ்ரன்ஸ். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க். அவளும் கொட்டாஞ்சேனைதான்.

"ஞாயித்துக்கிழமை பொழுதுபட்ட நேரம். நல்ல மழை. அப்பா விட்டிட்டுப் போன பழைய கார் ஒண்டு எங்கட்ட இருக்கு. அம்மாவை பொரளைக்கு க்ளினிக் கொண்டுபோக ஒவ்வொரு தரமும் ஆரையாவது கெஞ்ச வேண்டியிருக்கு. அதுதான் நானே ஓடப் பழகுவம் எண்டு தொடங்கினனான். அக்காட புருஷன் ரொனி அத்தான்தான் பழக்கிறவர். அண்டைக்கும் அவர் பக்கத்தில இருந்தவர்."

"எல் போர்ட் போட்டிருந்தீங்களா?" என்று கேட்டார் மிஸ்.

"இல்ல." குரல் தாழ்ந்தது. "எழுத்துப் பரீட்சையே இன்னும் எழுதேல்ல. பேர்மிட் இல்ல. சட்டத்தரணியிட்ட வேலை செய்யிறன் மிஸ். பிழை எண்டு தெரியாமச் செய்யேல்ல."

துறைமுக மதிலோரமாகப் போகும் ஒழுங்கையில் ஒரு வளைவு இருக்கிறது. எனக்குத் தெரிந்த இடம்தான். அங்கே தெருவிளக்கு எரிந்ததை நான் பார்த்ததில்லை. அந்த வளைவில் காரின் இடது பக்கம் 'டமார்' என்று சத்தம் கேட்டதாம்.

"நான் பிரேக்ல கால் வைக்கப் போனன். அத்தான், 'நாய், நிப்பாட்டாத, போ' எண்டார். நான் போயிட்டன்."

அடுத்த நாள்தான் செய்தி தெரிந்திருக்கிறது. துறைமுகத்தில் வேலை செய்யும் வினோதன் என்ற இளைஞன் அதே வளைவில், வடிகானுக்குள், கால் நசுங்கிக் கிடந்திருக்கிறான். ஞாயிறு இரவு வெகு நேரம் கழித்துத்தான் யாரோ கண்டிருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பிவிட்டான். ஆனால் நடந்ததைச் சொல்லும் அளவுக்கு இன்னும் நினைவு தெளியவில்லை.

"அவர்ட தாய் எங்கட சேர்ச்சுக்கு வாறவ. செவ்வாய்க்கிழமை செபத்தில பேரைச் சொல்லி எல்லாரையும் செபிக்கச் சொன்னாங்கள். நானும் முழங்கால்ல நிண்டு செபிச்சன் மிஸ். அந்த அம்மா எனக்கு முன் வாங்கிலதான் இருந்தவ."

ரயில் ஒன்று போயிற்று. கோப்பைகள் ஆடி அடங்கின.

"என்ன வேகத்துல போனீங்க?" என்று கேட்டார் மிஸ்.

"நாப்பத்தஞ்சு. முள்ளைப் பார்த்தனான். டவுனுக்குள்ள நாப்பதுக்கு மேல போகக் கூடாது எண்டு அத்தான் முதல் நாளே சொன்னவர். நான் அஞ்சு கூடப் போனன். அந்த அஞ்சாலதான் அந்தப் பிள்ளையின்ட கால் போனது."

"அத்தான் இப்ப என்ன செல்றாரு?"

"வாயைத் திறக்க வேண்டாமாம். லிமிட்டுக்கு மேல போயிருக்கிறாய், பேர்மிட்டும் இல்ல, நேரா உள்ளதான் எண்டு சொல்லுறார்."

"அவரு நல்லா கார் ஓட்டுவாரா?"

"ஓம். போன வருஷம் புரமோஷன் கிடைச்சு கம்பனி கார் குடுத்திருக்கு. ஆனா வீட்டுக்குக் கொண்டுவர விடாதாம், ஒஃபிஸிலதான் நிக்கும்."

"சத்தம் கேட்ட பொறகு கண்ணாடியில பின்னுக்குப் பாக்கல்லயா?"

"சைட் கண்ணாடியில பார்த்தன். ஒரே இருட்டு. நடுக்கண்ணாடியை அத்தான் மேல திருப்பி விட்டிட்டார். அது தேவையில்லை, ரெண்டு பக்கமும் பார்த்தாப் போதும் எண்டு சொல்லுவார்."

மிஸ் தலையை மட்டும் ஆட்டினார்.

"பின்னேரம் அஞ்சு மணிக்கு என்ட லோயரோட பொலிசுக்குப் போறன்" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "அதில மாற்றமில்ல. அதுக்கு முன்னம் எனக்கு ஒண்டு தெரிய வேணும். நான் அடிச்சது அந்த ஆளைத்தானா? புதுக்கடையில நாள் முழுக்க ஆக்கள் 'எனக்குத் தெரியாது' எண்டு சொல்லுறதைக் கேட்டுக்கொண்டிருக்கிறன். நான் அப்பிடிச் சொல்ல விரும்பேல்ல."

அவள் படியிறங்கிப் போன பிறகு மிஸ் என் பக்கம் திரும்பினார்.

"கையாலயா, கட்டையாலயாண்டு கேட்டீங்களே, அதுக்கு ஒங்களுக்கு இண்டைக்கு பகல் சாப்பாடு இல்ல."

நியாயமான தண்டனைதான். ஒப்புக்கொண்டேன்.

*

எங்கள் இருவரிடமும் வாகனம் இல்லை. மிஸ்ஸுக்கு ஓட்டத் தெரியும், கார் இல்லை. எனக்கு இரண்டும் இல்லை. ஆகவே ஃபோன் அப்பில் ஒரு முச்சக்கர வண்டி, த்ரீவீல், கூப்பிட்டோம். வந்தவர் பெயர் ரிம்ஸான். காலி வீதியில் எங்களைக் கடந்து போன பஸ்களைக் கொஞ்சமும் மதிக்காமல் நிதானமாக ஓட்டினார்.

நான் புத்தகத்தைத் திறந்தேன். "மிஸ், கேள்வி கேளுங்க. வழியில படிச்சாத்தான் ஏறும்."

"நீங்களே வாசிங்க. நா யோசிக்கணும்."

"விபத்து ஒன்று நேர்ந்தால் சாரதி முதலில் செய்ய வேண்டியது என்ன? ஒண்டு, விரைவாக அவ்விடத்தை விட்டு நீங்குதல். ரெண்டு, ஹோர்ன் அடித்தல். மூண்டு, வாகனத்தை நிறுத்துதல்." நான் சிரித்தேன். "இது சும்மா தாற மார்க் மிஸ். இதைப் பிழை விடுற ஆள் உலகத்தில இல்ல."

"அப்ப ஏன் ரெண்டு தரம் கோட்டை விட்டீங்க?"

"மற்றக் கேள்விகளாலதான். இந்தா, இதுதான் போன முறை என்னைக் கவிழ்த்தது. நகரப் பகுதியில், வேறு பலகை இல்லாதவிடத்து, மோட்டார் காரின் உயர்ந்தபட்ச வேகம் எவ்வளவு? நான் அறுபது எண்டு போட்டனான். விடை அம்பது. அடுத்தது முச்சக்கர வண்டி. நாப்பது."

மிஸ் யோசிப்பதை நிறுத்தினார். அது பார்த்தாலே தெரியும். யோசிக்கும்போது ஸ்கார்ஃபின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருப்பார். விரல் நின்றது.

"தம்பி" என்றார் முன்பக்கம் சாய்ந்து. "ஒங்களுக்கு டவுனுக்குள்ள லிமிட் எத்தன?"

"நாப்பது மிஸ்" என்றார் ரிம்ஸான், கண்ணாடியில் எங்களைப் பார்க்காமலே. "கார்க்காரனுக்கு அம்பது. அவனுக்கு எல்லாத்துலயும் பத்து கூடத்தான். போன மாசம் நாப்பத்தெட்டுல வந்தேண்டு பொலிஸ் புடிச்சான். அதுக்குப் பொறகு நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் நாப்பதுண்டுதான் செல்லுவன்."

"பின்னுக்கு வாற வாகனத்த எப்படிப் பாப்பீங்க?"

"இந்த ரெண்டு சைட் கண்ணாடிதான். நடுவுல ஒண்டு ஈக்கு, ஆனா பின்னுக்கு ஈக்கிறவங்கட மூஞ்சிதான் தெரியும். நா மேல திருப்பி வெச்சிருவன்."

மிஸ் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். கொட்டாஞ்சேனை வரும்வரை ஸ்கார்ஃபின் ஓரம் மறுபடி விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. நானும் அடுத்த கேள்வியை மனதுக்குள்ளேயே வாசித்துக்கொண்டேன். வீதிச் சமிக்ஞை பற்றியது. ஒன்றும் ஏறவில்லை.

*

வளைவில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை. இடியப்பம், ரொட்டி, பிளேன் டீ. நடத்துகிறவர் பெயர் சீனியம்மா என்று தகரத்தில் எழுதியிருந்தது. ஜிந்துப்பிட்டியிலிருந்து கல்யாணம் கட்டி இங்கே வந்தவர் என்பதை நாங்கள் கேட்காமலே சொன்னார். கடைக்கு முன்னால், தார் ஓரத்தில், தண்ணீர் நிரப்பிய புத்தம் புது நீல வாளி ஒன்று நின்றது.

கொழும்பில் வாழாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கடை வாசலில் யாரும் வாகனத்தை நிறுத்தாமல் இருக்க இங்கே வாளி வைப்போம். மாநகரசபை கோடு போட்டால் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். வாளி வைத்தால் ஜீப்காரன்கூட ஒதுங்கிப் போவான்.

"வாளி புதுசு போல" என்றார் மிஸ்.

அது போதும். சீனியம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"பழச எந்தப் பாவியோ ஒடச்சிட்டுப் போயிட்டானுங்கம்மா. ஞாயித்துக்கெழம, மழ கொட்டுது, நான் உள்ளாற இருக்கேன். டமார்னு சத்தம். ஓடியாந்தா வாளி நாலு துண்டு. கார் ஒன்னு அந்தப் பக்கம் திரும்புது, பின் லைட்டு மட்டுந்தான் தெரிஞ்சிச்சு. அங்கனயே நின்னு ஏசி முடிச்சிட்டுத்தான் உள்ள போனேன்."

"அந்த நேரம் வேற வாகனம் ஏதும் வந்திச்சா?"

"ஒன்னும் வரல. வந்திருந்தா அவனையும் ஏசியிருப்பேன். அதுக்கு முந்தி பின்னால அடுப்படியில நின்னேன், மழ சத்தத்துல ஒன்னும் கேக்கல."

நான் இடது பக்கம் பார்த்தேன். வாளி இருக்கும் இடத்திலிருந்து சில அடிகள் தள்ளி, மதிலோரமாக வடிகான். மேலே மூடிய கொங்கிரீட் சிலாப்பு ஒன்று உடைந்து வாய் திறந்திருந்தது.

"ஒடஞ்ச துண்டுகள எறிஞ்சிட்டீங்களா?" என்று கேட்டார் மிஸ்.

"எறிவேனா? ஒடச்சவன் திரும்பி வந்தா மூஞ்சியில எறியணும்னு வச்சிருக்கேன்." கடைக்குப் பின்னாலிருந்து ஒரு உர பேக்கை இழுத்து வந்து கொட்டினார். நீலப் பிளாஸ்டிக் துண்டுகள். அவற்றுக்கு நடுவில் கறுப்புத் தண்டோடு ஒரு சிறிய கண்ணாடி, கீறல் விட்டிருந்தது.

"இது?"

"அப்பவே துண்டுகள பொறுக்குறப்ப அதுவும் அங்கனதான் கெடந்திச்சு. கார்க் கண்ணாடி. வாளி மேல மோதினதுல கழண்டு விழுந்திருக்கு."

மிஸ் அதைக் கையில் எடுத்துத் திருப்பினார். கார்க் கண்ணாடி கதவோடு ஒட்டி வருவது. இதற்கு நீளமான இரும்புத் தண்டு. சற்று முன்புதான் ரிம்ஸானின் வண்டியில் இதன் அண்ணனையும் தம்பியையும் பார்த்திருந்தேன்.

"ஜொனாதன், இது என்னத்துட?"

"த்ரீவீல் மிஸ். ஆனா அந்த நேரம் வேற வாகனமே வரேல்ல எண்டு அம்மா சொல்லுறாவே."

"அப்ப இது எப்ப விழுந்தது?"

வாளி உடைவதற்கு முன்பே. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் சீனியம்மா எங்களைவிட வேகமாக அந்த முடிவுக்குப் போய்விட்டார். அவர் வடிகானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் புள்ள..." குரல் இறங்கியது. "நான் இங்கன நின்னு வாளிக்காக ஏசிக்கிட்டு இருக்கிறப்ப, அதுக்குள்ள கெடந்திச்சா?"

 மிஸ் ஒரு பிளேன் டீ கேட்டார். சீனியம்மா டீ ஊற்றினார். கோப்பையை மேசையில் வைக்கும்போது பாதி சிந்தியது. 

*

கொன்ஸ்ரன்ஸின் வீடு அடுத்த ஒழுங்கையில். கீழே அவளும் தாயும், மேலே அக்கா றோஸியும் ரொனியும். கார் வாசலில் நின்றது. முன் பம்பரின் இடது மூலையில் நீலக் கீறல், கீறலுக்குள் வாளியின் பிளாஸ்டிக் சிம்பு. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் பத்திரமாக இருந்தன. உள்ளே நடுக்கண்ணாடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கொன்ஸ்ரன்ஸ் அடிச்சது வாளிய" என்றார் மிஸ். "ஆயிரம் ரூவா பெறாத ஒரு வாளிக்காக அந்தப் பொண்ணு மூணு நாளா நித்திரையில்ல. இப்ப மத்தக் கேள்வி."

"மற்றக் கேள்வி எனக்குத் தெரியும். கம்பனி கார் ஓடுற மனிசனுக்குக் காரின்ட லிமிட் ஏன் தெரியேல்ல?"

"பாஸாகிருவீங்க ஜொனாதன்."

ரொனி பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவாராம். நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை, நீல டை, தோளில் தோல் பை. ஐம்பதை எட்டிய, மரியாதையான மனிதர். நாங்கள் கொன்ஸ்ரன்ஸின் நண்பர்கள் என்று றோஸி அறிமுகப்படுத்தினாள். அவர் எங்களையும் சாப்பிடச் சொன்னார். அப்படிப்பட்டவரைப் பொறியில் மாட்டுவது சுகமான வேலை இல்லை.

"அண்ணே" என்றேன், புத்தகத்தை எடுத்துக்கொண்டு. "திங்கக்கிழமை எனக்கு எக்ஸாம். ரெண்டு தரம் ஃபெயில். நீங்க கொன்ஸ்ரன்ஸுக்குப் பழக்கிறீங்களாமே. ஒண்டு ரெண்டு கேக்கட்டா?"

"கேளும்" என்றார், சோற்றைப் பிசைந்தபடி.

"மஞ்சள் கடவையில ஆள் நிண்டா?"

"நிப்பாட்டி விட வேணும்."

"டவுனுக்குள்ள கார் எவ்வளவு வேகத்தில போகலாம்?"

"நாப்பது."

"த்ரீவீல்?"

கை நின்றது. "அதுவும் நாப்பதுதான்."

"புத்தகத்தில காருக்கு அம்பது எண்டு கிடக்கு."

"அது பழைய புத்தகமா இருக்கும்."

"ரெண்டு தரம் கோட்டை விட்ட ஆள்ட மூணாவது புத்தகம்" என்றார் மிஸ். "புதுசுதான். லிமிட்டும் மாறல்ல, மிஸ்டர் ரொனி. நாப்பது ஒங்களுக்குச் சரி. ஒங்கட மச்சினிக்குப் பிழ."

சீனியம்மாவிடம் வாங்கி வந்த த்ரீவீல் கண்ணாடியைக் கைப்பையிலிருந்து எடுத்துச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ரொனி அதைப் பார்த்தார். பிறகு சமையலறை வாசலில் நின்ற றோஸியைப் பார்த்தார். கண்ணாடியைவிட அவளுக்குத்தான் அவர் அதிகம் பயந்தார் என்று எனக்குத் தோன்றியது.

"கம்பனியில எப்ப நிப்பாட்டினாங்க?" மிஸ்ஸின் குரல் மெதுவாக இருந்தது.

"போன வருஷம். ஆளைக் குறைச்சாங்கள்."

"என்ன கதைக்கிறீங்க?" என்றாள் றோஸி. "புரமோஷன் எண்டீங்களே."

"சொல்ல வாய் வரேல்ல றோஸி. அண்டைக்கு வீட்டுக்கு வந்தா நீ மீன் வாங்கி வச்சிருந்தாய். புரமோஷன் எண்டு வாயில வந்திட்டுது, நாளைக்கு உண்மையைச் சொல்லுவம் எண்டு நினைச்சன். நாளைக்கு நாளைக்கு எண்டு போயிட்டுது. ஜிந்துப்பிட்டியில ஒரு த்ரீவீல் எடுத்து ஓடுறன். அங்க ஒரு கராஜில சட்டை மாத்திக்கொண்டு."

"அப்ப இந்த டை?" றோஸி கிட்ட வந்தாள். "ஒவ்வொரு நாளும் நான் அயர்ன் பண்ணித் தாறனே, இந்த டை?"

அவர் டையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

மிச்சத்தை அவரே சொன்னார். யாரும் தூண்டவில்லை. புரமோஷன் என்று சொன்னதால் கம்பனி கார் என்ற பொய்யும் வந்தது. கார் ஓடுகிறவர் என்பதால் மச்சினிக்குப் பழக்கும் வேலை தலையில் விழுந்தது. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். எப்போதோ எடுத்த லைசன்ஸ் இருந்தது. த்ரீவீலில் படித்ததையே காரில் சொல்லிக் கொடுத்தார்.

ஞாயிறு பின்னேரம், ஒஃபிஸில் கணக்கெடுப்பு என்று சொல்லிவிட்டு த்ரீவீலை வாடகைக்கு ஓடப் போயிருக்கிறார். மழையில் அவசரப்படுத்திய ஒரு ஆளை இறக்கிவிட்டு, நாற்பதை மறந்து அந்த வளைவில் திரும்பியிருக்கிறார். வண்டி சறுக்கியது. மதிலோரமாக ஒருவன் நடந்து வந்துகொண்டிருந்தான்.

"இறங்கிப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல." அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "வண்டியைக் கராஜில விட்டிட்டு வீட்டுக்கு வந்தன். கொன்ஸ்ரன்ஸ் கார்ச் சாவியோட நிக்கிறாள். நான்தான் அந்தப் பக்கமாப் போகச் சொன்னன். ஆராவது தூக்கிக்கொண்டு போயிருப்பாங்கள், ஒருக்காப் பார்த்தா நிம்மதியா இருக்கும் எண்டு நினைச்சன். கார் லைட்டில ஒரு செருப்புத் தெரிஞ்சுது. செருப்பு அங்கேயே கிடந்தது, அப்ப ஆளும் அங்கதான். அந்த நேரம்தான் வாளியில பட்டது."

"நாய் எண்டு சொன்னீங்க."

"ஓம்."

"அடுத்த நாள் அவ, நாயா ஆளாண்டு கேட்டப்ப?" என்றார் மிஸ்.

"இல்லையெண்டு சொல்லேல்ல" என்றார் ரொனி. "சொல்லியிருக்கலாம். வாளிதான் எண்டு எனக்குத் தெரியும். ஆனா அவள் தான்தான் எண்டு நம்பினா வாய் திறக்க மாட்டாள். அவளுக்காகத்தான் பயப்பிடுறன் எண்டு நானும் எனக்கே சொல்லிக்கொண்டன்."

றோஸி அவருக்கு முன்னாலிருந்த சோற்றுத் தட்டை எடுத்தாள். கழுவினாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வாங்க, பொலிசுக்கு" என்றாள். "டையைக் கழட்டிப்போட்டு வாங்க."

*

புதுக்கடையில் நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கொன்ஸ்ரன்ஸைக் கண்டோம். கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவில் ஒரு மூலை மேசை. அவளுக்கு முன்னால் ஆறிப்போன தேநீர். கைப்பைக்குள் மாற்றுச் சாரியும் துவாயும் இருந்தன. உள்ளே போட்டால் வேண்டியிருக்கும் என்று எடுத்து வந்திருக்கிறாள்.

மிஸ் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். வாளி, கண்ணாடி, டை. நாற்பத்தைந்து காருக்குப் பிழையான வேகம் இல்லை என்பதையும் சொன்னார். மழைக்கு அது கொஞ்சம் கூடத்தான், பேர்மிட் இல்லாததுக்குத் தண்டம் வரும், ஆனால் வினோதனை அவள் தொடவேயில்லை.

கொன்ஸ்ரன்ஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். "வாளி" என்றாள். "வாளியா மிஸ்?" என்று மறுபடி கேட்டாள். நானும் சிரித்தேன். இந்தத் தொழிலில் இப்படி ஒரு நிமிடம் எப்போதாவதுதான் வரும்.

"நீல வாளி" என்றேன். "இப்ப அந்த இடத்தில புது வாளி வந்திட்டுது. இனி அந்தப் பக்கம் போகேக்க கும்பிட்டிட்டுப் போங்க."

அவள் சிரிப்பு மெல்ல நின்றது.

"மிஸ், அத்தான் முதல் அடிச்சவர். அதுக்குப் பிறகுதான் நான் போனனான், என்ன?"

மிஸ் ஸ்கார்ஃபின் ஓரத்தைப் பிடித்தார். "ஓம்."

"அப்ப நான் போகேக்க அவர் அங்க கிடந்தவர்."

காப்புறுதிக் கம்பனியில் இத்தனை வருடம் பொய் கேட்ட மனுஷிக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாமலா இருக்கும்? அன்று அவர் சொல்லவில்லை.

"ஓம் தங்கச்சி. கிடந்தாரு."

"அந்த நேரம் தூக்கியிருந்தா? கால்?"

"அது டாக்டர்மாருக்குத்தான் தெரியும்."

"ஆஸ்பத்திரியில அவர்ட தாய்க்குச் சொல்லியிருக்கிறாங்கள். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமாம். அந்த அம்மா சேர்ச்சில சொல்லி அழுதவ. நான் கேட்டுக்கொண்டு நிண்டனான்."

கடைக்காரன் சிங்களத்தில் இன்னொரு தேநீர் வேண்டுமா என்று கேட்டான். மிஸ் கையை அசைத்து அவனை அனுப்பினார்.

கொன்ஸ்ரன்ஸ் என் சட்டைப் பையைக் காட்டினாள். "அது எக்ஸாம் புத்தகமா? நானும் எழுத வேணுமே. ஒருக்காப் பார்க்கட்டா?"

கொடுத்தேன். காலையில் நான் மூலை மடித்து வைத்த பக்கம் தானாகத் திறந்தது. அவள் வாசித்தாள். மூன்று விடைகளையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். மூன்றாவதில் விரல் நின்றது. எந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியும். அதைச் சும்மா தருகிற மார்க் என்று த்ரீவீலில் இருந்து சிரித்தவன் நான்தான்.

"இது எல்லாருக்கும் தெரிஞ்ச விடைதானே?" என்று கேட்டாள்.

 

அவள் புத்தகத்தை மூடி என்னிடம் தந்தாள். சாரித் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கைப்பையை எடுத்தாள்.

"இனி நீங்க போகத் தேவையில்ல தங்கச்சி" என்றார் மிஸ். "அவரே போயிட்டாரு."

"அவர் அடிச்சதைச் சொல்லப் போயிட்டார்" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "நான் நிப்பாட்டாததை நான்தானே சொல்ல வேணும்."

ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் லோயருக்காகக் காத்திருக்காமல் நடக்கத் தொடங்கினாள்.